கன்னி நாயும் காஞ்சிபுரத்துச் சோறும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் காஞ்சிபுரத்துக்குப் பட்டுச்சேலை எடுக்கப் போகவில்லை. மலேசியாவில், ஈப்போவில் நான் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு வருகிற பெண்கள், நான் காஞ்சிபுரம் போகிறேன் என்றதுமே ஆளுக்கொரு நிறம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருத்திக்கு மாம்பழ மஞ்சள், ஒருத்திக்கு மயில்கழுத்து. "நான் நாய் கூட்டிவரப் போகிறேன்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

விஷயம் இதுதான். என் அக்கா மகள் மகேஸ்வரி காஞ்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன இடத்தில் சரவணனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் முறைப்பு, அழுகை, பட்டினி எல்லாம் நடந்து, கடைசியில் இரண்டு வீடும் இறங்கிவந்து செய்துவைத்த கல்யாணம். எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காடு. மகேசின் அப்பா, அதாவது என் அத்தான், சீர்வரிசையில் குத்துவிளக்கு, பித்தளைக் குடம், கட்டில், பீரோ எல்லாவற்றோடும் மகேசு வளர்த்த கன்னி நாயையும் வைத்தார். அதன் பெயர் சிட்டு.

இந்த நாயைப் பற்றிப் பேசாமல் நான் மேலே போகமாட்டேன். கன்னி எங்கள் சீமையின் வேட்டை நாய். உடம்பெல்லாம் கறுப்பு, புருவத்துக்கு மேலும் தாடையிலும் நெஞ்சிலும் கால்களிலும் செம்பட்டை. நீண்ட முகம், இறங்கிய நெஞ்சு, உள்வாங்கிய வயிறு, அரிவாள் போல வளைந்த வால். மோப்பத்தைவிடக் கண்ணைத்தான் அதிகம் நம்பும். கரிசலில் கண்ணுக்கு எட்டிய தூரம் மறைப்பே கிடையாது. அங்கே முயல் கிளம்பினால் அதன் பின்னால் ஓடுவதற்கென்றே ஆன உடம்பு. இப்போது வேட்டை சட்டப்படி குற்றம். சரிதான், முயலும் பிழைக்கட்டும். ஆனால் நாய் அதே நாய்தான். பகலெல்லாம் சுருண்டு தூங்கும். அநாவசியமாகக் குரைக்காது. ஒருவரைத்தான் தன் ஆள் என்று ஏற்றுக்கொள்ளும். மற்றவர்கள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான் மரியாதை.

பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் ஊருக்கு ஒரு கதை. பெண் கல்யாணமாகிப் போகும்போது கூட அனுப்புகிற நாய், அதனால் கன்னி என்பார் அத்தான். பக்கத்து ஊர்க்காரர் அதெல்லாம் இல்லை என்பார். இரண்டு பேரும் டீக்கடையில் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போடுவார்கள். ஒன்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். எங்கள் வீட்டில் நல்ல குட்டியை யாரும் விற்றதில்லை. கொடுப்பார்கள், அதுவும் ஒழுங்காக வளர்ப்போம் என்று வாக்கு வாங்கிக்கொண்டு.

ஈப்போவில் என் கடைக்கு ஒரு அம்மா வருவார். பனி தேசத்து நாயை ஏர்கான் அறையில் அடைத்து வளர்ப்பவர். "உங்க நாட்டில் எல்லாமே தெருநாய்தானே" என்று சொல்லிவிட்டு, அதே வாயால் என்னிடம் இன்னும் கொஞ்சம் கறி கேட்டார். கறியும் கொடுத்தேன், பதிலும் கொடுத்தேன். அவர் அதற்குப் பிறகும் வருகிறார், நாயைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

இப்படிப்பட்ட நாயைத்தான் திரும்பக் கூட்டிவரச் சொல்லி அக்கா போன் செய்தாள்.

"மகேசு மாமியா போன் பண்ணாக. நாயக் கொண்டுபோயிருங்கன்னு சொல்றாக. நீ மெட்ராசுலதான எறங்குத, அப்படியே போயிக் கூட்டிட்டு வந்துரு."

"அத்தானுக்குத் தெரியுமா?"

"அவுகளுக்குத் தெரிஞ்சா விடுவாகளா? நாய்தானட்டி. புள்ள அங்க நிம்மதியா இருக்கட்டும்."

நாய்தானே என்று என் அக்கா சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் குரல் உடைந்திருந்தது. நானும் பெண்ணைப் பெற்றவள். சரி என்றேன்.

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் பஸ்ஸில் போனேன். மலேசிய பஸ்ஸில் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லோரும் தூங்குவார்கள். பக்கத்தில் இருப்பவர் செத்துப்போனாலும் இறங்கும்போதுதான் தெரியும். இங்கே உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் பக்கத்து சீட்டு அம்மா என் வளையல் எந்த ஊர் என்று கேட்டுவிட்டார். வாலாஜாபாத் தாண்டியதும் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிச் சாலையோரக் கடைக்குப் போய்விட்டோம். பருப்பு வடை மொறுமொறுவென்று நன்றாக இருந்தது. சட்னிதான் பெயருக்கு இருந்தது. தண்ணீரில் பச்சை நிறம் தெரிந்தால் அது சட்னியாகிவிடாது என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் என் வடைக்கு மேல் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார்.

நெல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒருவர், "பொடவ எடுக்க வந்தீங்களாமா?" என்றார்.

"இல்ல, நாய் கூட்டிட்டுப் போக."

"நாயா? எங்கூருக்கு வந்து புடிச்சிக்கினு போங்கமா, லாரி நெறய இருக்குது!"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நடத்துநர் கூடச் சிரித்தார், டயர் மாற்றுவதை விட்டுவிட்டு.

மகேசு வீடு பிள்ளையார்பாளையத்தில். தெருவில் நுழைந்தாலே இரண்டு பக்கமும் தறிச் சத்தம். மகேசின் மாமனார் தறிக்குழியில் காலை விட்டபடியே எனக்குக் கும்பிடு போட்டார். நான் இருந்த நாட்களில் அவர் பேசியதைவிடத் தறி பேசியதுதான் அதிகம். மாப்பிள்ளை சரவணன் முகம் காட்டிவிட்டு ஷிப்ட் இருக்கிறது என்று கிளம்பினார். வீட்டில் பெண்களுக்குள் பிரச்சினை என்றால் எந்த ஊர் ஆணுக்கும் ஓவர்டைம் கிடைத்துவிடுகிறது.

மாமியார் குணவதி வாசலுக்கு வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். "வாங்க சம்பந்தியம்மா. இன்னா இவ்ளோ லேட்டு? வாசலையே பாத்துக்கினு உக்காந்துக்கினு இருந்தேன்." கொடுமைக்கார மாமியாரைப் பார்க்கப் போகிறோம் என்று நான் விமானத்திலேயே பல வசனங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். இந்த அம்மா எனக்கு மந்தாரை இலையில் இட்லி வைத்தார். மிளகும் சுக்கும் சீரகமும் நெய்யும் சேர்ந்து மணக்கும் காஞ்சிபுரத்து இட்லி. நான் சமைத்துப் பிழைக்கிறவள். சோற்றில் பொய் சொல்லமாட்டேன். இப்படி ஒரு இட்லியை ஈப்போவில் என்னால் ஒருநாளும் வேகவைக்க முடியாது. தயார் செய்த வசனமெல்லாம் இட்லியோடு உள்ளே போய்விட்டது.

சிட்டு பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. எழுந்து நின்றதும் எனக்குப் பெருமை பொங்கியது. கடைசி விலா எலும்புகள் தோலுக்குள் வரிவரியாகத் தெரிந்தன. இடுப்பெலும்பு இரண்டும் எடுப்பாக நின்றன. ஓடுகிற நாய்க்கு அப்படித்தான் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் கன்னிக்கு விலா தெரியவில்லை என்றால்தான் நாய்க்கு என்ன சீக்கு என்று கேட்பார்கள்.

"பாத்தீங்களா, எப்படி கெடக்குதுன்னு" என்றார் குணவதி. அவர் பார்த்ததும் நான் பார்த்ததும் ஒரே நாய்தான்.

அவருக்கு இருந்தது ஒரே குறை, ஆனால் பெரிய குறை. சிட்டு அந்த வீட்டில் மகேசு கையால் மட்டும்தான் சாப்பிடுகிறது. "நானும் செய்யாதது இல்ல. பாலு ஊத்துனேன், தொடல. முட்ட வெச்சேன், மோந்துட்டு போயி படுத்துக்கிச்சி. கோயில்ல குடுத்த சக்கரப் பொங்கல நானே கைல வெச்சிக்கினு நின்னேன். மூஞ்சத் திருப்பிக்கிச்சிமா. எங்கூட்டு சோத்துல இன்னா கொறச்சல், நீங்களே சொல்லுங்க?"

சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. என் கோபம் பாதி அங்கேயே இறங்கியது. ஒரு வீட்டுக்கு வந்தவர்கள் அந்த வீட்டில் கை நனைக்காமல் போனால் அது எத்தனை பெரிய அவமானம் என்று தமிழராகப் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வந்த நாயும் அப்படிச் செய்தால்?

இதற்கு மேல் எதிர்வீட்டு வசந்தா வேறு. அந்தம்மா மாடியிலிருந்து சிட்டுவைப் போட்டோ எடுத்து, அழுகிற பொம்மைகளோடு போன் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். "வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுபவர்களும் மனிதர்களா" என்று கீழே வாசகம். பெயர் போடவில்லை. ஆனால் துவைக்கிற கல் யார் வீட்டுக் கல் என்று தெரு முழுக்கத் தெரியும்.

"விடுங்க மதினி, இது எங்க சீமை நாய். அது பழக்கம் எனக்குத் தெரியும்" என்று வீறாப்பாக எழுந்தேன். அந்த மண்ணில் பிறந்தவள் கையை அது தட்டாது என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை. நெய் இட்லியில் ஒரு துண்டு பிட்டு நீட்டினேன். சிட்டு என் கையைப் பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது, பிறகு நிதானமாகப் போய்ப் பழைய இடத்திலேயே படுத்துக்கொண்டது.

குணவதி முகத்தில் நான் வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "உங்க கைலயும் துண்ணலியா!" என்று கேட்டு, இன்னும் இரண்டு இட்லி எடுத்து என் இலையில் வைத்தார்.

மகேசு மட்டும் எதிலும் கலந்துகொள்ளவில்லை. கம்பங்கூழில் மோர் விட்டுக் கரைத்துச் சட்டியில் வைத்தாள். சிட்டு நக்கித் துடைத்தது. "உனக்குச் சம்மதந்தானா?" என்று தனியாகக் கேட்டேன். "எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டீங்கள்ல சித்தி" என்றாள்.  சின்ன வயதில் மட்டையால் அடித்தாலும் அழாத பிள்ளை அவள்.

மறுநாள் குணவதிக்குத் திருப்புட்குழி பெருமாள் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் ஏரி காய்ந்து திறந்த வெளியாகக் கிடக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சிட்டு முழுசாக ஒரு ஓட்டம் ஓடவில்லை. கிளம்புவதற்கு முன் ஒரு தடவையாவது ஓடட்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்ததுமே வண்டியை முறுக்கிக்கொண்டு போனார்கள். ஒருவர், "உங்கள ஏத்திக்கிறேன்மா, அத்த பின்னால ஓடி வர சொல்லுங்க" என்றார். அது ஓடினால் உங்கள் ஆட்டோதான் பின்னால் வரும் என்றேன்.

கடைசியில் வாலாஜாபாத் பஷீர் பாயைக் கூப்பிட்டோம். ஊருக்கு நாயைக் கொண்டுபோக நான் பேசிவைத்திருந்த சரக்கு வண்டிக்காரர். இங்கே அந்தச் சின்ன வண்டியைக் குட்டியானை என்கிறார்கள். பின்னால் கோரைப்பாயை விரித்து மூன்று பெண்களும் ஒரு வேட்டை நாயும் உட்கார்ந்து பெரிய காஞ்சிபுரம் கடைத்தெரு வழியாகப் போனோம். சேலைக்கடை வாசலில் ஆள் பிடிக்கிற பையன்கள் பழக்கதோஷத்தில் எங்களையும் கூப்பிட்டார்கள். நாயைப் பார்த்ததும் கை அந்தரத்தில் நின்றது. எனக்கு ராணி மாதிரி இருந்தது.

ஏரியில் மகேசு கயிற்றை அவிழ்த்தாள். சிட்டு முதலில் அசையவே இல்லை. காதை மட்டும் தூக்கிக்கொண்டு தூரத்தைப் பார்த்தபடி நின்றது. எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் எழும்பியது. அவ்வளவுதான். உடம்பு மண்ணோடு தாழ்ந்தது, முதுகு வளைந்து நிமிர்ந்தது, நாலு காலும் ஒரே சமயம் தரையை விட்டுப் போயிருந்தன. பை திரும்பினால் அதுவும் திரும்பியது. ஏரியின் அந்தக் கரைக்குப் போனது தெரிந்தது, வந்தது தெரியவில்லை. முயலுக்கென்று பிறந்த நாய், பையைக் கவ்விக்கொண்டு வந்து மகேசு காலடியில் போட்டது.

குணவதி தேங்காய்ப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். "யம்மாடி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "யம்மாடி, இதுவா எங்கூட்ல தூங்கிக்கினு இருந்துச்சி!"

அந்த நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நான் நினைத்தேன். ஆனால் கோயில் வாசலுக்கு வந்தபோது, மெலிந்த நாயைப் பார்த்து இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். பட்டு வியாபாரக் குடும்பம், கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒருத்தி சொன்னாள்: "வசந்தா போட்டோ போட்டாளே, அந்த வீட்டு நாய் இதுதான்." மற்றவள் சொன்னாள்: "நாய்க்கே இந்தச் சாப்பாடு என்றால் அந்த மருமகளுக்கு என்ன போடுவார்களோ."

எங்கள் கரிசலில் பாதித் தெருவில் வீட்டுக்குள் தெலுங்குதான். எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. திரும்பி நின்று அதே தெலுங்கில் சொன்னேன்: "மருமகளுக்கு நெய் இட்லி போடுகிறார்கள். நீங்களும் வந்தால் உங்களுக்கும் போடுவார்கள். ஆனால் உங்கள் இரண்டு பேர் உடம்புக்கும் கூழே நல்லது." அவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு உற்சாகமாக இருந்தது. குணவதிக்கு இல்லை. அவர் தெருவிலும் தெலுங்கு பேசுகிற நெசவாளர்கள் உண்டு, அவருக்கும் எல்லாம் புரிந்திருந்தது. வண்டியில் திரும்பினோம். வீடு நெருங்கும்போதுதான் சொன்னார். "நீங்க இன்னிக்கு பதில் சொல்லிட்டு நாளைக்கு பிளேன் ஏறிடுவீங்க சம்பந்தியம்மா. நான் இந்த தெருவுலதான இருக்கணும்? வேற ஊர்ல இருந்து வந்த பொண்ண நான் பட்டினி போடறேன்னு பேசிக்கினு இருக்காங்க. அது ஓடறது அழகாத்தான் இருக்குது. ஆனா வேணாம்மா. கூட்டிக்கினு போயிடுங்க."

நான் விலா எலும்பு, இடுப்பெலும்பு, ஓட்டம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்து விளக்கினேன். "உங்க ஊர்ல சரி" என்று முடித்துவிட்டார்.  மகேசு சிட்டுவின் கழுத்தைப் பிடித்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் பஷீர் பாய் வந்துவிட்டார். ஆனால் வண்டி வீட்டு வாசலுக்கு வர முடியவில்லை. தெருவின் குறுக்குக் கம்பங்களில் பாவு இழுத்துக் கட்டி, இழைகளை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார்கள். சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற பட்டு இழை முழுவதும் தெரு நீளத்துக்குப் பளபளத்துக்கொண்டிருக்கும்போது அதில் வண்டி விட யாருக்குத் துணிச்சல் வரும்? பாய் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, "அரே, பாவு சுருட்டற வரிக்கும் நான் டீ குடிக்கிறேன்மா" என்றார். எனக்குப் பொறுமை இல்லை. நடந்தே போய்விடலாம் என்று கயிற்றைப் பிடித்தேன். சிட்டு நகரவில்லை. இழுத்தேன். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. தெருவில் பாவு போடுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எதிர்வீட்டு மாடியில் வசந்தா போனோடு தயாராக நின்றார்.

மகேசு வந்து என் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். சிட்டு உடனே கிளம்பியது. பாவை ஒட்டி, ஒரு இழையிலும் மேல் படாமல், தெரு முழுக்கப் பார்க்க இரண்டும் நடந்து போயின. நானும் குணவதியும் பின்னால் போனோம். வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. சிட்டு ஏறியது. மகேசும் ஏறினாள். கோரைப்பாயில் உட்கார்ந்து சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"கட்டிட்டு எறங்குமா" என்றார் குணவதி.

"நான் எறங்கல அத்த."

"ஏன்?"

"நாய எங்கப்பா சீர்ல வெச்சாரு. சீர திருப்பி அனுப்புறதுன்னா எங்க ஊர்ல பொண்ணையும் சேர்த்துத்தான் அனுப்புவாக. தனியா அனுப்ப மாட்டாக." அவள் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "வண்டிய எடுங்க பாய்."

பஷீர் பாய் டீ கிளாஸோடு அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். நான் குணவதியைப் பார்த்தேன்.  அக்காவிடம் சரி என்று சொன்ன வாய் இது. மகளின் நிம்மதிக்காக என்று வந்து, மகளையே வாழாவெட்டியாகக் கூட்டிக்கொண்டு போய் நிற்கப் போகிறேனா?

குணவதி திகைத்துப்போய் நின்றார். "சீர்ல வெச்சதா?" என்று என்னிடம் கேட்டார். "நாய சீர்ல வெப்பாங்களாமா?"

"வெப்பாக மதினி. எங்க பக்கம் அதுதான் பெரிய சீரு."

"எனக்கு யாரும் சொல்லலியே! பொண்ணு ஆசையா வளத்துது, செல்லத்துக்கு கூட்டிக்கினு வந்துச்சின்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்? சீர் பாக்க தெருவுல எல்லாரையும் கூப்புட்டேன். கொடம் பாத்தாங்க, வெளக்கு பாத்தாங்க. இத்த நானே பின்னால கொண்டும்போயி கட்டி வெச்சேன், வரவங்க பயந்துக்கப்போறாங்கன்னு."

அவர் முகம் சிவந்துவிட்டது. எங்கள் மேல் கோபமா, தன் மேலேயா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இந்த ஊரில் சீர் என்றால் தட்டுத் தட்டாக வரிசை வைத்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்து, தாம்பூலம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பொருளைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. நாயை மட்டும் யாருக்கும் காட்டாமல் மறைத்துவைத்தார். காட்டாத பொருளைத் தெரு தன் இஷ்டத்துக்கு எடுத்துப் பேசியது.

குணவதி வண்டிக்குப் பக்கத்தில் போனார். "எறங்குடி" என்றார்.

"அத்த..."

"எறங்குடின்றேன். யாரு உன்ன திருப்பி அனுப்பறது? நான் அனுப்புனேனா? எறங்கு, அத்தயும் எறக்கு. பாய், வண்டிய ஓரமா போட்டுட்டு வாங்க, டிபன் துண்ணுட்டு போவீங்க."

திரும்பி வரும்போதும் பாவை ஒட்டித்தான் நடக்க வேண்டியிருந்தது. மூவரும் நாயோடு வரிசையாக வந்தோம். வீட்டு வாசலில் குணவதி தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார், அதுவும் காலையில் போட்ட கோலத்துக்கு மேலேயே. உள்ளே போய்ப் பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ எடுத்து வந்தார். சிட்டுவை வாசலில் நிறுத்தச் சொன்னார். மகேசு தலையைப் பிடித்துக்கொள்ள, அதன் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். கறுப்பில் பொட்டு பளிச்சென்று எடுத்தது. பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தெருவே கேட்க ஒரு குரல் கொடுத்தார்.

"எல்லாரும் வாங்க! எம்மருமக கொண்டாந்த சீரு ஒண்ணு காட்டாம உட்டுட்டேன். வந்து பாத்துட்டு போங்க! வசந்தா, போனுலயே பாத்துக்கினு இருக்கியே, எறங்கி வந்து நேர்ல பாரு!"

பாவு இழுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு அம்மா, "இன்னாக்கா, நாயா சீரு?" என்று வாயைப் பொத்திக்கொண்டார். "ஆமா. உங்கூட்டு மருமக இன்னா கொண்டாந்தா, மிக்சிதான? இது ஓடுனா நீ பாத்திருக்கியா? திருப்புட்குழி ஏரிய ஒரே ஓட்டத்துல சுத்தி வந்துச்சி. குண்டா இருந்தா ஓட முடியுமா? நீ ஓடுவியா?" என்று குணவதி வெளுத்துக் கட்டினார். நான் முந்தின நாள் வண்டியில் தொண்டை வறளச் சொன்னதெல்லாம் அவர் வாயிலிருந்து எனக்கே புதிதாகக் கேட்டது. சிலதை இஷ்டத்துக்குக் கூட்டியும் சொன்னார். ராஜா வீட்டு நாய் என்றார். நான் மறுக்கவில்லை.

கடைசியாக வசந்தா வந்தார். நாயைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "இருந்தாலும் எலும்பு தெரியுதேக்கா" என்றார், குரல் கொஞ்சம் இறங்கி.  குணவதி தட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். வெற்றிலைக்கு மேல் பாக்கு, அதற்கு மேல் பூ. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சீர் பார்க்க வந்துவிட்டு நீட்டிய தாம்பூலத்தை வேண்டாம் என்று சொல்ல இந்த ஊரில் எந்தப் பெண்ணாலும் முடியாது. வாங்கினால், பார்த்தேன், சீர்தான் என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். வசந்தா போனை இடுப்பில் செருகினார். பிறகு முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு குணவதி ஒரு துண்டு இட்லியைச் சிட்டுவிடம் நீட்டினார். சிட்டு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "போடி, திமிரு புடிச்சவளே" என்று சொல்லிவிட்டு அந்த இட்லியைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். மகேசு சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, முட்டியில் முகத்தை வைத்து, வெகுநேரம் அழுதாள்.  குணவதி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

பஷீர் பாய் டிபன் முடித்து என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார். நாய் இல்லாதபோது கோவில்பட்டி போக எனக்குப் பஸ்ஸே போதும். பின்னால் வெறும் கோரைப்பாய் மட்டும் காற்றில் படபடத்துக்கொண்டு வந்தது. நான் இறங்கிய பிறகு அக்கா போன் செய்தாள்.

"கெளம்பிட்டியா? நாயி வண்டியில ஒழுங்கா படுத்திருக்கா?"

"நாயி வரல."

"வரலையா? அவுக சம்மதிக்கலையா? எங்க விட்டுட்டு வந்த?"

"அது வீட்டுல."

"யாரு வீட்டுலட்டி?"

"மகேசு வீட்டுல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.